சின்னப்பன் தாத்தா, பால் பேரன்: ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள்



உங்கள் வகுப்பில் ‘பால்’ என்ற பெயரில் ஒரு மாணவன் இருந்தால், வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போதே பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கலாம். பத்தாங் காலி, கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பால் என்றால் மாட்டுப் பால். இல்லையென்றால் தாத்தா பாட்டி வெட்டிய மரத்துப் பால். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு ஐந்து நிமிடம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு அடங்கிவிடும்.

பெயரின் பிறப்பு

இது இலத்தீன் மொழிப் பெயர். ‘பவுலுஸ்’ என்றால் ‘சிறியவர்’. முதலில் இது உரோமைக் குடும்பம் ஒன்றின் பெயராக இருந்தது. கி.மு. 216-இல் கன்னாய் போரில் உயிரிழந்த உரோமை ஆட்சித் தலைவர் எமிலியுஸ் பவுலுஸ் அந்தக் குடும்பத்தவர்தான்.

பெயரை உலகெங்கும் கொண்டு சென்றவர் திருத்தூதர் பவுல். சவுல் என்ற பெயர் மனமாற்றத்துக்குப் பிறகு பவுல் ஆனது என்று பலரும் சொல்வார்கள். ஆனால், திருத்தூதர் பணிகள் 13:9-இல் ‘பவுல் என்னும் சவுல்’ என்ற பொருளில்தான் வருகிறது. அவருக்கு இரண்டு பெயர்களும் இருந்தன. நம்ம பிள்ளைங்களுக்கு வீட்டுப் பேரு ஒன்று, பள்ளிப் பேரு ஒன்று இருப்பதுபோல!

பிறகு இத்தாலியில் பவுலோ, ஸ்பெயினில் பாப்லோ, ரஷ்யாவில் பாவெல் என்று பெயர் பரவியது. பெண்களுக்குப் பவுலா, பவுலின். திருத்தந்தையரில் ஆறு பேர் பவுல் என்ற பெயரையும், இரண்டு பேர் ஜான் பால் என்ற பெயரையும் ஏற்றார்கள்.

தமிழில் நடந்தது வேறு

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஒலியை மட்டும் எடுக்காமல் பொருளையே பெயர்த்தார்கள். ‘சிறியவர்’ என்பது சின்னப்பர் ஆயிற்று. பிள்ளைக்கு வைக்கும்போது சின்னப்பன். 1978 முதல் 2005 வரை திருத்தந்தையாக இருந்த இரண்டாம் ஜான் பாலைத் தமிழில் ‘இரண்டாம் அருள் சின்னப்பர்’ என்றார்கள். அமலோற்பவம் என்ற பெயரும் இப்படி வந்ததுதான். நமக்குத் தெரிந்த வீரமாமுனிவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய இயற்பெயரான கான்ஸ்டன்டைன், ‘உறுதி’ என்ற பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழகம் வந்தபின் அவர் முதலில் வைத்துக்கொண்ட பெயர் தைரியநாதர்.

நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில் புனித வனத்துச் சின்னப்பர் ஆலயம் இருக்கிறது. இவர் திருத்தூதர் அல்லர். எகிப்துப் பாலைவனத்தில் தனித்துத் தவம் செய்த வேறொரு பவுல். அவருடைய திருநாள் ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வருகிறது.

ஒரு கவனம்: சின்னப்பன் என்றாலே கிறிஸ்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்துக் குடும்பங்களிலும் இந்தப் பெயர் பழக்கமானதுதான். பட முதலாளி சின்னப்பா தேவர் தீவிர முருக பக்தர்.

எப்படி எழுதுவது?

ஆங்கில உச்சரிப்பில் உள்ள அந்த உயிரொலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. ‘பால்’ என்று எழுதினால் குடிக்கும் பால். ‘போல்’ என்று எழுதினால் உவம உருபு. ‘பவுல்’ என்றால் குழப்பம் இல்லை. தமிழ் விவிலியத்திலும் உள்ள வடிவம் அது. ஆனாலும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். பேரு அவங்க வச்சது.

வகுப்பு நடவடிக்கை

பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயரோடு அப்பா பெயர்தான் வரும். தாத்தா பெயர் வராது. அதனால் இரண்டே தலைமுறையில் ஒரு பெயர் மறந்துபோகும்.

1. “தாத்தா, பாட்டி பேரு என்னன்னு வீட்ல கேட்டுட்டு வாங்க” என்று சொல்லுங்கள்.
2. அந்தப் பெயரின் பொருள், வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்பதை மூன்று வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள்.
3. மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஒரு மர வரைபடத்தில் எழுதி வகுப்பில் ஒட்டுங்கள். தாத்தா பாட்டி பெயர் கிடைக்காத பிள்ளை, வளர்ப்பவரின் பெயரை எழுதலாம்.

‘பேரன்’ என்பது ‘பெயரன்’ என்பதன் மரூஉ. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். தாத்தா சின்னப்பன், பேரன் பால் என்றால் அந்த வீட்டில் வழக்கம் இன்னும் அறுந்துபோகவில்லை. அது அந்தப் பையனுக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.