பெயர் ஏறினால் போதுமா?

தேர்தல் முடிந்ததும் நம் லயத்து வாசலில் நடக்கும் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். “2018-ல் 82 விழுக்காடு வாக்களித்தார்கள். 2022-ல் 74-க்கு இறங்கிவிட்டது. 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டைக் கொடுத்து என்ன கண்டோம்?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முன்பு 21 வயது நிரம்பியவர் தாமே போய் மனுக்கொடுத்தால்தான் வாக்காளர். பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். யார் போவார்கள்? 2018-ல் தகுதி இருந்தும் பதியாதவர்கள் நாடு முழுவதும் 30 இலட்சத்துக்கும் மேல். 2019 ஜூலை 16-ஆம் நாள் மக்களவை அரசியலமைப்பைத் திருத்தி, வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது; பதிவும் தானாகவே நடக்கும் என்றது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பள்ளித் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து விளையாடப் பத்துப் பேர் பெயர் கொடுத்து எட்டுப் பேர் வந்தால் 80 விழுக்காடு. அடுத்த வாரம் ஆசிரியரே பதினாறு பேரின் பெயரை எழுதிவிடுகிறார். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். விழுக்காடு 75 ஆகிவிட்டது, ஆனால் திடலில் ஆள் கூடத்தானே செய்திருக்கிறது! நாட்டிலும் அதுதான் நடந்தது. 2018-ல் பட்டியலில் 1 கோடியே 49 இலட்சம் பேர். வாக்களித்தவர் ஏறத்தாழ 1 கோடியே 23 இலட்சம். 2022-ல் பட்டியல் 2 கோடியே 11 இலட்சம். வாக்களித்தவர் 1 கோடியே 55 இலட்சத்துக்கும் மேல். ஆகவே பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அதற்காகக் கவலைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் மாநிலத் தேர்தலில்தான் 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்தார்கள். அங்கே வந்தவர்கள் 55 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. நோய்ப் பயமும் சேர்ந்திருந்த காலம் அது. பெயரை அரசாங்கம் ஏற்றிவிடலாம்; காலை எடுத்து வைப்பது அவரவர் வேலை. ஆஸ்திரேலியாவில் 1924-ல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன் 1922-ல் 60 விழுக்காட்டை எட்டாத வருகை, 1925-ல் 91-ஐத் தாண்டியது. நம் நாட்டில் வராதவருக்குத் தண்டனை இல்லை.

“நம் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?” என்ற பேச்சும் உண்டு. நம் முறையில் ஒரு தொகுதிக்கு ஒருவர்; ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அவரே வெற்றி, மற்றவர்களின் ஓட்டுக்குப் பங்கு கிடையாது. ஒருபக்கமாய்ச் சாய்ந்த தொகுதியில் சலிப்பு வருவது இயல்புதான். ஆனால் 2022-ல் பேராக்கின் பாகான் டத்தோவில் வித்தியாசம் வெறும் 348. செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த தொகுதி அது! இன்னொன்று: அதே தேர்தலில் பாங்கித் தொகுதியில் 3 இலட்சம் வாக்காளர், சரவாக்கின் ஈகானில் ஏறக்குறைய 28 ஆயிரம். இரண்டுக்கும் ஓர் உறுப்பினர்தான். கிள்ளானிலும் 2 இலட்சத்துக்கு மேல். நம் பள்ளத்தாக்கில் ஓட்டின் எடை இப்படிக் குறைந்திருப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

நம் குடும்பங்களுக்கு உரிய சங்கடம் வேறு. தோட்டம் விற்கப்பட்டு, கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ அடுக்குமாடிக்கு வந்திருப்போம். மகனுடைய அடையாளக் கார்டில் பழைய தோட்டத்து முகவரியே நிற்கும். தானாகப் பதிவாகும் பெயர் அந்த முகவரிக்குத்தான் போகும். என்னிடம் படித்த ஒரு பையன் தேர்தலன்று காலையில்தான் தன் வாக்குச் சாவடி இரண்டு மாநிலம் தள்ளி இருப்பதைக் கண்டான். அன்று அவனுக்கு வேலையும் இருந்தது. கார்டில் முகவரியை மாற்றினாலும் தொகுதி தானாக மாறிவிடாது. முதலில் பதிவிலாகாவில் முகவரியை மாற்றி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கைத்தொலைபேசியிலேயே செய்யலாம். தேர்தல் அறிவித்த பிறகு செய்தால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. வீடு மாறிய மாதமே பிள்ளையை உட்கார வைத்து முடித்துவிடுங்கள்.