பிங்க் வரலையா? பூஜ்யம்னே எழுதுங்க

ஃபர்ஸ்ட் இயர் லேப், ஆல்கலினிட்டி டைட்ரேஷன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு போர் தண்ணிய ஃபிளாஸ்க்ல எடுத்து ஃபீனால்ஃப்தலின் ரெண்டு சொட்டு விடுறீங்க. பெரும்பாலும் பிங்க் வராது. உடனே பக்கத்து டேபிள் ரீடிங்கைக் காப்பி அடிக்காதீங்க. தண்ணி சரியாத்தான் பதில் சொல்லுது.

கரிசல் மண்ணுல சுக்காங்கல் நிறைய. அது கால்சியம் கார்பனேட். மழைத்தண்ணியில கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடு கார்பானிக் அமிலமாகி, அந்தக் கல்லை பைகார்பனேட்டா கரைக்குது. கார்பானிக் அமிலத்துக்கு ரெண்டு புரோட்டான். முதல் பிகேஏ 6.35, ரெண்டாவது 10.33. அதாவது ரெண்டாவது புரோட்டான் கழல்றது சுமார் பத்தாயிரம் மடங்கு கஷ்டம்.

ஏன்? முதல் புரோட்டான் சார்ஜ் இல்லாத மூலக்கூறை விட்டுப் போகுது. மிச்சம் நிக்கிற பைகார்பனேட் மைனஸ். ப்ளஸ்ஸான அடுத்த புரோட்டான் அந்த மைனஸோட பிடியிலிருந்து விலகணும். போனா, ரெண்டு மைனஸ் ஒரே சின்ன அயனியில நெருக்கியடிச்சு இருக்கணும். வைவாவுல "ரெண்டு புரோட்டான்ல ஒண்ணு போயிடுச்சு, வாய்ப்பு குறைஞ்சிடுச்சு சார்"னு மட்டும் சொன்னா பத்தாது. அந்தக் கணக்குல வர்றது வெறும் 4 மடங்குதான்.

சார்ஜ்தான் காரணம்னு எப்படி நம்புறது? நைலான் 6,6 செய்யுற அடிபிக் அமிலத்தைப் பாருங்க. ரெண்டு அமிலத் தொகுதிக்கும் நடுவுல நாலு கார்பன். பிகேஏ 4.43, 5.41. வித்தியாசம் பத்து மடங்குக்குள்ள சுருங்கிடுச்சு. நடுவுல கார்பனே இல்லாம ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆக்சாலிக் அமிலத்துல ஆயிரம் மடங்கு.

இப்ப ஃபிளாஸ்க்குக்கு வாங்க. பிஎச் 8 இருக்கிற தண்ணியில நூத்துக்கு 97 பங்கு பைகார்பனேட். கார்பனேட் அரைப் பங்கு கூட தேறாது. ஃபீனால்ஃப்தலின் பிங்க் ஆக பிஎச் 8.3-ஐத் தாண்டணும். அதனால P பூஜ்யம். மெத்தில் ஆரஞ்சுக்கு வர்ற ரீடிங் முழுக்க பைகார்பனேட்.

அதே தண்ணியைக் கொதிக்க வச்சா கதை மாறும். ஒரு பைகார்பனேட் தன் புரோட்டானை இன்னொண்ணுக்குத் தள்ளிவிடும். வாங்கினது கார்பன் டை ஆக்சைடா பறந்துடும், கொடுத்தது கார்பனேட்டாகி கால்சியத்தோட படியும். ஹாஸ்டல் ஹீட்டர் கம்பியில வெள்ளையா ஒட்டியிருக்கே, அதேதான். சுக்காங்கல்லோட தம்பி!

சில கிணத்துத் தண்ணி நிஜமாவே பிங்க் ஆகும். அப்ப ஊர்ல சொல்லுங்க: அதுல சோடியம் கார்பனேட் இருக்க வாய்ப்பு அதிகம், தொடர்ந்து பாய்ச்சினா மண் இறுகிடும்.