தடை செய்யப்பட்ட பெயர்

தன் குடும்பப் பெயரைச் சொன்ன குற்றத்துக்காக ஒருவருக்கு மரண தண்டனை விதிக்க முடியுமா? மாணவ நண்பர்களே, ஸ்காட்லாந்தில் அப்படியொரு சட்டம் இருந்தது.

'மாக்கிரெகர்' என்பது அந்நாட்டு மலைக்குடி ஒன்றின் பெயர். கேலிக் மொழியில் 'மாக்' என்றால் மகன். ஆக, இது 'கிரெகரின் மகன்' என்றாகிறது. கிரெகர் என்ற பெயருக்கு 'விழிப்பானவன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே மூலம்.

இவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குகளைச் செல்வாக்கு மிக்க காம்பெல் குடியினர் சிறிது சிறிதாகத் தமதாக்கிக் கொண்டனர். நிலமிழந்தவர்களில் பலர் பிறர் ஆடுமாடுகளைக் கவர்ந்து பிழைக்கலாயினர். 1603 பிப்ரவரியில் கிளென் ஃபுரூயின் பள்ளத்தாக்கில் இவர்கள் வேறொரு குடியினரைப் போரில் வீழ்த்தினர். சினங்கொண்ட ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் அரசவை, ஏப்ரல் 3 அன்று அந்தப் பெயரையே ஒழித்து ஆணையிட்டது. பெயரை விடாதவருக்கு மரணம்! பின்னர் வந்த ஆணைகள், இவர்கள் நால்வருக்கு மேல் கூடக் கூடாது, இறைச்சி நறுக்கும் முனையில்லாக் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றன.

என்ன செய்வார்கள்? கிராண்ட், மர்ரி, டிரம்மண்ட் என்று கிடைத்த பெயரைச் சூடிக் கொண்டார்கள். 1661இல் தடை நீங்கியது. 1693இல் மீண்டும் வந்தது. புகழ்பெற்ற ராப் ராய் மாக்கிரெகரும் தாயின் குடும்பப் பெயரை ஏற்றார். அது எந்தப் பெயர் தெரியுமா? காம்பெல்! அவர் 1734இல் இறந்தபோதும் தடை நீங்கவில்லை. 1774இல்தான் அது அடியோடு ரத்தாயிற்று. அதற்குள் பல குடும்பங்கள் தம் பழைய பெயரையே மறந்துவிட்டன.

ஆனால் சட்டத்தின் கைக்கு எட்டாத ஓர் ஏடு அவர்களுடைய உடலிலேயே இருந்தது. நம் உயிரணுவில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் 'ஒய்' என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது. ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரும் பெரும்பாலும் தந்தைவழியே வருவது. ஏட்டுச் சுவடியைப் படியெடுப்பவர் செய்த பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடர்வதைப் போல, ஒய் குரோமோசோமில் அபூர்வமாக நேரும் சிறு மாற்றங்களும் வழிவழியாகத் தொடர்கின்றன. ஒரே விதமான மாற்றங்கள் இருவரிடம் காணப்பட்டால் அவர்கள் ஒரே மூதாதையின் வழி வந்தவர்கள்.

இப்படி ஒப்பிட்டபோது, வேறு பெயர் தாங்கிய சிலர் மாக்கிரெகர் வழியினர் என்று தெரிய வந்தது. மாக்கிரெகர் என்று பெயர் கொண்ட சிலரிடம் அந்த அடையாளம் இல்லை என்பதும் தெரிந்தது. தத்துப்பிள்ளைகளும், குடியில் அடைக்கலம் புகுந்தவர்களும் அதே பெயரை ஏற்றிருக்கலாம் அல்லவா? மகள்கள் வழியாக வந்த உறவையோ ஒய் குரோமோசோம் காட்டவே காட்டாது. அதற்குப் பழைய கோயில் பதிவேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.