பழம்பொருள் மருத்துவர்கள் – 7: இரண்டு பச்சை

ஆடி வெள்ளிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குத்துவிளக்குகளுக்குக் குளியல் நடக்கும். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தால் களிம்பெல்லாம் கரைந்து விளக்கு தகதகவென்று வந்துவிடும். களிம்பைக் கண்டால் தேய்க்க வேண்டும் என்று நம் கைகள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கின்றன. பழம்பொருள் பாதுகாப்பைத் தொழிலாகப் படிக்க வருகிறவர் முதலில் இதைத்தான் மறக்க வேண்டும்.

செம்போ வெண்கலமோ பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தால் மேலே ஒரு தோல் வளர்கிறது. கரும்பச்சையாக, வழவழவென்று, உலோகத்தோடு இறுக ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கிற உலோகத்துக்கு அதுதான் போர்வை. அந்தக் காலத்து ஸ்தபதி வைத்த ஆரத்தின் நுணுக்கம், விரல் நகத்தின் கோடு எல்லாம் பல சமயம் உலோகத்தில் இருக்காது. இந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கும். தோலை உரித்தால் ஆரமும் போய்விடும்.

இன்னொரு பச்சையும் உண்டு. வெளிறி, மாவு மாதிரி உதிரும். மண்ணின் உப்பிலிருந்த குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கியிருக்கும். சிலை வெளியே வந்து ஈரக்காற்று பட்டதும் அது வேலையை ஆரம்பிக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேர அமிலம் உண்டாகிறது, அமிலம் புதிய உலோகத்தைத் தின்கிறது, அதிலிருந்து மறுபடி குளோரைடு, மறுபடி அமிலம். நிறுத்தாவிட்டால் சிலையில் குழி குழியாக விழும். இதற்கு ‘வெண்கல நோய்’ என்று பெயர். நோய் என்பதால் பயப்பட வேண்டாம், பக்கத்துச் சிலைக்கு ஒட்டாது!

ஒரு பச்சையை விட்டுவைக்க வேண்டும், மற்றதைத் துரத்த வேண்டும். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கே மாதக்கணக்காகும். அதுவரை மாணவருக்குக் கொடுக்கப்படுவது கேமராவும் பென்சிலும் நோட்டும்தான். எந்த இடத்தில் விரிசல், எங்கே பொடி, எது பழைய ஒட்டு என்று படம் எடுத்து, வரைந்து, எழுதி முடித்த பிறகுதான் பொருளில் கை வைக்கலாம்.

இந்த வேலை இந்தியாவில் விஞ்ஞானமாக வேரூன்றிய இடங்களில் ஒன்று நம் எழும்பூர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் ஆய்வுக்கூடம் நடத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் எப்படித் தீட்டப்பட்டன என்று ஆராய்ந்தவரும் அவர்தான். நோயுற்ற வெண்கலங்களுக்கு அவர் கையாண்டது மின்பகுப்பு முறை. காஸ்டிக் சோடா கரைசலில் சிலையை இறக்கி, அதை எதிர்மின் முனையாக்கி, சுற்றிலும் இரும்பை நேர்மின் முனையாக வைத்து மின்சாரம் செலுத்துவது. குளோரைடு சிலையை விட்டு இரும்பை நோக்கி நகரும். சிலையின் மேலே எழும் ஹைட்ரஜன் குமிழிகள் பொருக்கைத் தளர்த்தும்.

அதற்குப் பிறகு வருகிற கழுவல்தான் பொறுமையைச் சோதிப்பது. வாலை வடிநீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, மறுபடி ஊறவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த நீரில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார்கள். மோர் கலந்ததுபோல வெளுத்தால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். நீர் தெளிவாகவே நிற்கும் நாள் வரை வேறு வேலை இல்லை.

மின்பகுப்பிலும் ஒரு கோளாறு உண்டு. கெட்ட பச்சையோடு நல்ல பச்சையையும் அது கொண்டுபோய்விடும். அதனால் இன்று அதை யோசித்துத்தான் தொடுகிறார்கள். 1967-இல் பென்சோடிரையசோல் என்ற மருந்து அறிமுகமான பிறகு, தோலை உரிக்காமலே செம்பை அமைதிப்படுத்த வழி கிடைத்தது. நாளைக்கு இதற்கும் ஒரு குறை சொல்லப்படலாம்.

அப்படிச் சொல்லப்பட்ட கதைதான் அஜந்தா. 1920-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி என்ற பெயர்பெற்ற வல்லுநரை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த ஓவியங்களை அவர் சுவரில் பிடித்து நிறுத்தினார். அதை மறுக்க முடியாது. ஆனால் மேலே ஷெல்லாக் பூசினார். நம் தச்சர்கள் மேஜைக்குப் போடும் பிரெஞ்ச் பாலிஷ் இருக்கிறதே, அதே அரக்குதான். வருஷங்கள் போகப் போக அது மஞ்சளாகி, பழுப்பாகி, ஓவியத்தின் மேல் ஒரு திரையாக நின்றது. அதை மெல்ல மெல்ல எடுப்பதிலேயே தொல்லியல் துறை வேதியியலாளர்களின் பல பத்தாண்டுகள் கழிந்தன.

இன்றைய வகுப்பறைகளில், பின்னால் வருகிறவர் எடுக்க முடியாத எதையும் பூசாதே என்று ஓயாமல் சொல்வது இதனால்தான். 1939-இல் ரோமில் தொடங்கிய மறுசீரமைப்புக் கழகத்தின் முதல் இயக்குநர் சேசரே பிராண்டி இதற்கு ஓர் உபாயமே வைத்திருந்தார். ஓவியத்தில் வண்ணம் போன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால், நீர்வண்ணத்தில் நிரப்ப வேண்டும். தள்ளி நின்றால் படம் முழுதாகத் தெரியும். கிட்டே போனால், இது நாங்கள் போட்டது என்று கோடுகளே காட்டிக்கொடுக்கும். வேண்டாமென்றால் துடைத்துவிடலாம். தூரிகை பிடித்த கைக்கு இது பெரிய தண்டனை. அசலைப் போலவே வரையத் தெரிந்தவரை, வரையாதே என்று நிறுத்துகிறார்கள்.

நம் நாட்டில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்று 1976-இல் லக்னோவில் தேசிய ஆய்வுக்கூடம் வந்தது. 1989-இல் டெல்லியில் தொடங்கிய தேசிய அருங்காட்சியகக் கழகம் இதில் முதுகலைப் பட்டம் தந்தது. எழும்பூரும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தி வந்திருக்கிறது. ஊருக்கு ஊர் கோயிலும் செப்புத் திருமேனியும் ஓலைச்சுவடியும் உள்ள நமக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. திருப்பணி என்றதும் கல்லைச் சுரண்டவும் சிலையைத் தேய்க்கவும் ஆள் கிடைக்கிறார்கள். தேய்க்கலாமா என்று கேட்கப் படித்த ஆள்தான் கிடைப்பதில்லை.

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் தாத்தா காலத்துச் சிலை இருந்தால், பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கரும்பச்சை என்றால் அப்படியே விடுங்கள். வெளிறிய பச்சைப் பொடி விரலில் ஒட்டினால் ஈரம் படாத இடத்தில் தனியே எடுத்து வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)