மூட்டுவலிக்குக் குளிசை மட்டும் போதுமா?

வயது ஏறினால் மூட்டுவலியும் வரத்தான் செய்யும் என்று நம்மவர்கள் நெடுங்காலமாகவே மனதைத் தேற்றிக்கொண்டு வருகின்றனர். வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் காலையில் கட்டிலை விட்டு எழுவதற்கே சிரமப்படும் முதியவர்கள் பலர். 2006 ஆம் ஆண்டின் இறுதியில் பரவிய சிக்குன்குனியாவும், 2025 இல் கொழும்பில் மீண்டும் தலைதூக்கிய அதே காய்ச்சலும், இளையோர் சிலருக்கும் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலியை விட்டுச் சென்றன.

இவ்வலிக்கு நம்மிடையே வழங்கும் கைமருந்து, வைத்தியரின் சிட்டையின்றி வாங்கப்படும் வலிநிவாரணிக் குளிசையாகும். டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றை நாள்தோறும் விழுங்குவது இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இரத்த அழுத்தத்தையும் உயர்த்தலாம். நீரிழிவு உள்ள முதியவருக்கு இந்த ஆபத்து மேலும் பெரிது. ஆகவே, இக்குளிசைகளின் தேவையைக் குறைக்கக்கூடிய எந்த வழியும் ஆராயத்தக்கதே. அவ்வழிகளுள் ஒன்று நமது அடுப்பங்கரையிலேயே உள்ளது.

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதை அழற்சி என்கிறோம். அது உடலின் தற்காப்பு. காயம் ஆறியதும் அடங்கிவிடும். அடங்காது நீடிக்கும் அழற்சியே நாட்பட்ட வலிகள் பலவற்றுக்குத் துணைபோகின்றது. உடலில் மிகையாகச் சேரும் கொழுப்பு வெறும் சுமையன்று. அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களையும் அது சுரக்கின்றது. எடை குறைந்தால் வலி தணிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். முழங்கால் தேய்மானமும் மிகை எடையும் கொண்ட 454 பேரிடம் 18 மாதங்கள் நடத்தப்பட்டு 2013 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தி உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களை விட வலி குறைந்தது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகின்றது என்பதும் கணிக்கப்பட்டுள்ளது.

மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பும் கவனத்திற்குரியது. வலியைத் தூண்டும் இரசாயனங்களை உடல் உருவாக்கும்போது, அவற்றின் மூலப்பொருளுக்குப் போட்டியாக நின்று அவற்றின் வீரியத்தை இது குறைக்கின்றது. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2007 இல் வெளியான மதிப்பீடு ஒன்று, மூன்று நான்கு மாதங்கள் ஒமேகா-3 உட்கொண்ட வாதநோயாளர்களுக்குக் காலை நேர மூட்டு விறைப்பும் வலிநிவாரணிப் பாவனையும் குறைந்ததாகக் கூறுகின்றது. அவர்கள் பெற்ற அளவு சாப்பாட்டில் கிடைப்பதை விட அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், விலையுயர்ந்த அறக்குளாவை விட மலிவான சாளையிலேயே இக்கொழுப்பு நிறைய உண்டு என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு நற்செய்தியாகும்.

மஞ்சளைப் பற்றிய நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 வீதமே உள்ளது. அதுவும் எளிதில் குருதியில் கலப்பதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் அதன் உறிஞ்சலை 20 மடங்கு உயர்த்துவதாக 1998 இல் பெங்களூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மஞ்சளும் மிளகும் சேர்ந்த நமது சரக்குக் கறி வீண் போகவில்லை எனலாம். அதற்காக, விளம்பரங்களை நம்பி மஞ்சள் குளிசைகளை அள்ளி விழுங்குவது தகாது. அவற்றால் ஈரல் பாதிக்கப்பட்டோரும் உளர். குருதி உறையாதிருக்க வோபரின் எடுப்போர் வைத்தியரைக் கேளாது தொடவே கூடாது.

சேர்ப்பதைப் போலவே தவிர்ப்பதும் முக்கியம். நாளொன்றுக்கு ஆறு தேக்கரண்டி சீனிக்கு மேற்படாதிருப்பது நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இரண்டு தேக்கரண்டி இட்ட மூன்று தேநீரிலேயே அது முடிந்துவிடுகின்றது. மாலைநேர ரோல்ஸ், பற்றீஸ், மென்பானம் என்பன அதன் மேல் ஏறுபவை. பாணின் இடத்தில் குரக்கன் பிட்டு, தவிட்டரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை, வல்லாரை ஆகியவை வரவேண்டும்.

இவையெல்லாம் வசதியுள்ளோருக்கே என்று கூறுவோர் உளர். கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட 2022 செப்டெம்பரை மறந்திராத மக்களிடம் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் இங்கு கூறப்பட்டவற்றுள் இறக்குமதியான ஒலிவ் எண்ணெயோ சல்மன் மீனோ இல்லை. கீரைக்கட்டும் சாளையும் இரண்டு ரோல்ஸை விடப் பெருஞ்செலவு வைப்பனவல்ல.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உணவு வலியைத் தணிக்கலாமேயன்றி நோயை ஒழிக்காது. ருமற்றொயிட் வாதத்திற்குத் தரப்படும் மருந்தைக் கைவிட்டுக் கஷாயத்தை நம்பினால் மூட்டுகள் நிரந்தரமாகக் கோணிவிடலாம். கௌட் எனப்படும் யூரிக் அமில வாதம் உள்ளோருக்குச் சாளையும் நெத்தலியும் வலியைக் கூட்டக்கூடியவை. வலி இன்ன வகையினது என்று அறியாது உணவை மாற்றுவதில் பயனில்லை. காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்திற்கு மேல் நீடித்தால், அல்லது மூட்டுகள் வீங்கினால், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வாதநோய்ப் பிரிவு போன்ற இடங்களில் முதலில் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் தனியே வாழும் நமது பெற்றோர், வலியைச் சொல்லாமல் குளிசையுடன் விழுங்கிக்கொண்டிருப்பதற்கு முற்றுப்புள்ளி வைப்பது குடும்பத்தினர் அனைவரதும் கடமையாகும்.