வீட்டுக் கேமராவும் ஊரார் கண்களும்

2016 நவம்பரில் ராபர்ட் கிரஹாம் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் 55 டாலர் கொடுத்து ஒரு மலிவு விலைக் கேமரா வாங்கினார். திருடனைப் பிடிக்க அல்ல. திருடன் எவ்வளவு சீக்கிரம் வருகிறான் என்று பார்க்க. வீட்டிலிருந்த மற்ற கருவிகளோடு ஒட்டாமல் அதைத் தனியே பிரித்து வைத்து, இணையத்திலிருந்து நேராக எட்டும்படி விட்டார். 98 வினாடிதான். எங்கிருந்தோ வந்த ஒரு தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே சொல்லி உள்ளே நுழைந்துவிட்டது. கேமரா வாங்கியவர் ஆப்பை இறக்கிப் படம் தெரிகிறதா என்று பார்த்து முடிக்கக்கூட அந்த நேரம் போதாது.

நம்மூரில் காட்சி வேறு மாதிரி நடக்கும். "ஊருக்குப் போனாலும் வீட்டை போன்ல பார்க்கணும் தம்பி, அதுக்கு ஏதாவது பண்ணிக் கொடுங்க" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேமரா மாட்ட வந்தவர் லேப்டாப்பைத் திறப்பார், ரௌட்டரின் பக்கத்துக்குள் போவார், நாலு கட்டங்களில் எண்களை நிரப்புவார். "ஆன்லைன் பண்ணியாச்சு சார்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். அந்த நாலு கட்டத்துக்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். அது என்ன செய்தது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. வந்தவரும் சொல்வதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனை வைத்து இதை விளக்கிவிடலாம். வெளியுலகுக்குத் தெரிவது குடியிருப்பின் முகவரி ஒன்றுதான். உள்ளே எத்தனை வீடு, யார் எங்கே என்பது வாட்ச்மேனுக்கு மட்டும் தெரியும். வீட்டுக்குள்ளிருந்து யாராவது ஆர்டர் செய்திருந்தால், பொருள் கொண்டுவந்தவரைச் சரியான வீட்டுக்கு அனுப்புவார். யாரும் கூப்பிடாமல் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ரௌட்டரின் வேலையும் இதுவே. கேமராவை வெளியிலிருந்து பார்க்க வரும் போன், கூப்பிடாமல் வந்து நிற்கும் ஆள். "8000 என்று கேட்டு வருகிற எவரையும் விசாரிக்காமல் அந்த வீட்டுக்கு அனுப்பு" என்று வாட்ச்மேனுக்கு எழுதிக் கொடுப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். 8000 என்ற அந்த எண்தான் போர்ட்.

'எவரையும்' என்ற சொல்லில்தான் வினை இருக்கிறது.

இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டதற்குக் காரணம் பழைய முகவரிப் பஞ்சம். இணையத்தின் முதல் முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். உலகிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று தரப் போதாது என்பது தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை மறைத்து வைக்கும் 'நாட்' என்ற உத்தியை 1994-இல் முன்வைத்தார்கள். குறுகிய காலத் தீர்வு என்றுதான் அதை முன்வைத்தவர்களே எழுதினார்கள். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லும் தனி முகவரிகளாக 1996-இல் இன்று உள்ள வடிவில் வரையறுக்கப்பட்டன. முப்பது ஆண்டு ஆகியும் அந்தத் தற்காலிக ஏற்பாட்டில்தான் பெரும்பாலான வீடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வேலை என்னவோ சின்னதுதான். கேமராவுக்கோ, பல கேமராக்களின் படத்தைச் சேமிக்கும் டிவிஆர் அல்லது என்விஆர் பெட்டிக்கோ வீட்டுக்குள் மாறாத முகவரி ஒன்றை முதலில் ஒதுக்க வேண்டும். ரௌட்டரின் போக்கில் விட்டால், கரண்ட் போய் வந்த பிறகு நேற்று 192.168.1.64 ஆக இருந்த கேமரா இன்று 192.168.1.70 ஆகியிருக்கலாம். "நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னிக்கு வரலே" என்ற புகாருக்கு அடிக்கடி இதுதான் காரணம். பிறகு உலாவியில் 192.168.1.1 என்பதுபோன்ற ரௌட்டர் முகவரியைத் தட்டி உள்ளே போக வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்றே ஒரு பக்கம் இருக்கும். சில ரௌட்டர்கள் அதை 'விர்ச்சுவல் சர்வர்' என்று சொல்லும். வெளிப் போர்ட், உள் போர்ட், கேமராவின் முகவரி, டிசிபியா யுடிபியா என்ற தேர்வு, இவ்வளவுதான். ஹைக்விஷன் பெட்டிகள் வழக்கமாக 8000 போர்ட்டில் பேசும். டஹுவாவுக்கு 37777. நேரடி வீடியோவுக்கான ஆர்டிஎஸ்பி பெரும்பாலும் 554-இல் ஓடும்.

சோதித்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு வைஃபையில் இருந்தபடியே வெளி முகவரியைத் தட்டினால், வெளியே போய்த் திரும்பி வரும் இந்தப் பயணத்தைப் பல ரௌட்டர்கள் அனுமதிப்பதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் படம் வராது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்ப்பதே சரியான சோதனை.

அதிலும் படம் வரவில்லை என்றால், கோளாறு வீட்டுக்குள் இல்லாமலும் இருக்கலாம். உலகளவிலான ஐபிவி4 கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷனில் போனது. பொது முகவரி கிடைக்காத இணைய நிறுவனங்கள், பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கத் தொடங்கின. குடியிருப்பைச் சுற்றி இன்னொரு பெரிய மதில், அதற்கு இன்னொரு வாட்ச்மேன். அவர் நிறுவனத்தின் ஆள், நாம் எழுதிக் கொடுப்பதை வாங்கமாட்டார். சிஜிநாட் எனப்படும் இந்த முறைக்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை 2012-இல் ஒதுக்கினார்கள். ரௌட்டரின் நிலவரப் பக்கத்தில் 'வான்' முகவரி என்று இருப்பதைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையிலோ, 10 என்றோ தொடங்கினால் நாலு கட்டத்தை நாற்பது முறை நிரப்பினாலும் பயனில்லை. மாதக் கட்டணம் கட்டி நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி வாங்கலாம். வாங்குவது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி.

நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரௌட்டரும் வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு வாட்ச்மேன்கள். இரண்டிலும் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது முதல் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று சிலர் டிஎம்இஸட் என்ற ஒரே பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார்கள். கேமராப் பெட்டியின் 65,535 போர்ட்களும் உலகத்துக்கு விரியத் திறந்துவிடும். வேலை சீக்கிரம் முடியும், அது உண்மைதான்.

சரி, திறந்து வைத்தால்தான் என்ன? உலகில் இத்தனை கோடி முகவரிகள் இருக்கும்போது மாதவரத்திலோ மானாமதுரையிலோ இருக்கும் ஒரு வீட்டுக் கேமராவை யார் தேடி வரப்போகிறார்கள்? தேடி வரவே வேண்டாம் என்பதுதான் விஷயம். மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட 'இஸட்மேப்' என்ற மென்பொருள், ஒரே ஒரு கணினியையும் நல்ல வேக இணைப்பையும் வைத்து, ஐபிவி4 உலகம் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இப்படித் திறந்திருக்கும் கருவிகளைப் பட்டியல் போட்டு வைக்கிறது. 8000-க்குப் பதில் 48000 என்று வெளிப் போர்ட்டை மாற்றி வைப்பது தற்செயலாக வருபவரைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

கிரஹாமின் கேமராவைப் பிடித்தது மிராய் வகைத் தீநிரல். மிராயை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு சர்வர் நடத்தும் வியாபாரப் போட்டியும் அவர்களின் நோக்கங்களில் ஒன்று. டெல்நெட் என்ற பழைய வாசல் திறந்திருக்கும் கருவிகளைத் தேடிப் போய், அறுபதுக்கும் சற்று மேற்பட்ட தொழிற்சாலைப் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பதுதான் அதன் முழு வித்தை. அந்தக் குட்டிப் பட்டியலை வைத்தே உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகளைப் பிடித்தது. கேமராக்களும் டிவிஆர்களும் அதில் ஏராளம். 2016 செப்டம்பரில் பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தை வினாடிக்கு 620 ஜிகாபிட் வேகத்தில் மிராய் தாக்கியது. அந்த மாதக் கடைசியில் எழுதியவர்களே நிரலை வெளியே விட்டுவிட, அது பலர் கைக்குப் போயிற்று. அக்டோபர் 21 அன்று மிராய் பிடித்த கருவிகள், இணையத் தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது திரும்பின. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ படம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். மாற்றாதவர்கள் படும் பாடு தெரிந்ததுதான்: ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் 2025 பிப்ரவரியில் டெலிகிராமில் விற்பனைக்கு வந்தது தெரிந்தபோது நாடே அதிர்ந்தது, அங்கே பாஸ்வேர்டு 'அட்மின்123' என்றே விடப்பட்டிருந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. ஆனால் மாற்றியவர்களும் தப்பாத சமயம் உண்டு. 2021 செப்டம்பரில் ஹைக்விஷன் கேமராக்களில் வெளிப்பட்ட ஓட்டைக்குப் பெயரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். கேமராவின் வலைப் போர்ட்டை எட்ட முடிந்தாலே போதும், அதற்கென வடித்த ஒரு செய்தியை அனுப்பி மொத்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் திருத்திய மென்பொருளை உடனே வெளியிட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து சைஃபர்மா என்ற பாதுகாப்பு நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது, 80,000-க்கும் மேற்பட்ட கேமராக்கள் திருத்தமின்றி இணையத்தில் நின்றுகொண்டிருந்தன. சுவரில் மாட்டிய கேமராவுக்கு அப்டேட் போட யாருக்கு நினைவிருக்கிறது?

இன்றைய கேமராக்கள் பலவும் போர்ட் எதையும் திறக்கச் சொல்வதில்லை. பெட்டியின் மேலுள்ள க்யூஆர் கோடை ஆப்பில் காட்டினால் படம் வந்துவிடுகிறது. கேமராவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேசி, போனையும் தன்னையும் இணைத்துக்கொள்ளும் இந்தப் பீடூபீ முறைக்கு சிஜிநாட்டும் தடையல்ல. ஆனால் நம்பிக்கை இடம் மாறுகிறது: வீட்டுச் சாவி இப்போது நிறுவனத்திடம். 2021 மார்ச்சில் வெர்காடா என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைமைக் கணக்கு ஒன்று களவுபோனபோது சுமார் 1,50,000 கேமராக்கள் அந்நியர் பார்வைக்கு வந்தன. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கோளாறால் ஏறக்குறைய 13,000 பேருக்கு ஊர்பேர் தெரியாத வீடுகளின் படம் ஆப்பில் வந்து நின்றது. வாசலையும் மாடிப்படியையும் காட்டும் கேமராவுக்கு இந்த அபாயத்தை ஏற்கலாம். படுக்கையறையில் கேமரா எந்த முறையிலும் வேண்டாம்.

கொஞ்சம் மெனக்கெடத் தயாரானவர்களுக்கு விபிஎன்தான் நல்ல வழி. போன் முதலில் வீட்டு வலையமைப்புக்குள் ரகசியமாக நுழைகிறது. பிறகு சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதுபோல 192.168 முகவரியிலேயே கேமராவைப் பார்க்கலாம். 2020-இல் லினக்ஸ் கருவகத்திலேயே இடம்பிடித்த வயர்கார்டு இதற்குப் பேர்போனது. வேடிக்கை என்னவென்றால், அதை வீட்டில் நிறுவவும் ஒரு போர்ட்டைத் திறந்தாக வேண்டும், வழக்கமாக 51820. ஆனால் சரியான சாவியில்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. தட்டியவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு, அதே வயர்கார்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் போர்ட் திறக்காமலே அந்த வேலையைச் செய்து தருகின்றன. வீட்டில் சதா ஓடும் ஒரு சின்னக் கணினி இருந்தால் போதும். சில புதிய ரௌட்டர்களில் விபிஎன் உள்ளேயே வருகிறது.

இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்கள் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வகுத்த பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டித்தான் சந்தைக்கு வரவேண்டும். நல்ல விதி. ஆனால் அதற்கு முன்பே மாட்டியவை சுவரில் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பாஸ்வேர்டு வைத்தவர் பெரும்பாலும் மாட்டியவர்தான், பத்துத் தெருவுக்கும் அதே பாஸ்வேர்டை வைக்கிறவர்களும் உண்டு.

இதோடு, யாரும் கேட்காமலே போர்ட் திறக்கும் யுபிஎன்பி என்ற வசதியும் இருக்கிறது. அது இயங்கும் வீட்டில் டிவிஆர் பெட்டியே ரௌட்டரிடம் பேசித் தனக்கு வேண்டிய போர்ட்டைத் திறந்துகொள்ளும். நாலு கட்டத்தை யாரும் நிரப்ப வேண்டியதில்லை. அப்படித் திறந்தவற்றைப் பல ரௌட்டர்கள் யுபிஎன்பி பக்கத்திலேயே பட்டியலாகக் காட்டும். அதில் டிவிஆரின் முகவரி இருந்தால் வசதியையே அணைத்துவிடலாம். போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் பழைய டெக்னீஷியன் எழுதி வைத்த வரிகளையும் அழித்துவிடலாம். அழித்த பிறகு மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்தால் பல வீடுகளில் படம் முன்போலவே வரும். ஆப் எப்போதோ பீடூபீ வழிக்கு மாறியிருக்கும். திறந்து கிடந்த போர்ட்டை வீட்டுக்காரர் பயன்படுத்தியே பல காலம் ஆகியிருக்கும்.