நடப்போர்க்கு உரிய நகரம்

மதுரை மாநகரின் வீதிகள் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்கட்பெயர் தாங்கிக் கோயிலை நடுவணாகக் கொண்டு ஒன்றையொன்று சூழ்ந்துள்ளன. தேரும் அதன்பின் செல்லும் அடியாருமே அவ்வீதிகளுக்கு அளவாயினர். கண்டி நகரும் இவ்வமைப்பினின்று வெகு தொலைவில் இல்லை. 1815 இல் ஆங்கிலேயர் கைப்படுமுன் தலைநகராய் விளங்கிய இவ்வூரின் நேரிய வீதிகள், தலதா மாளிகையையும் தேவாலயங்களையும் சார்ந்து, பெரஹரா செல்லுதற்கு ஏற்ப அமைந்தன. கதிர்காம தேவாலயம் இன்றும் கொட்டுகொடல்லை வீதியிற் கடைகளின் நடுவே நிற்கின்றது. பழைய நகரின் ஒரு முனையினின்று மறுமுனைக்குக் கால் மணி நேரத்திற் கால்நடையாகவே சென்றுவிடலாம்.

அத்தகைய நகரில் நடப்பதே அரிதாயிற்று. ஒருபால் மலைகள், ஒருபால் உடவத்தகலைக் காடு, மூன்று புறமும் வளைந்தோடும் மகாவலி. உள்ளே வரும் பாதைகளோ சில. அவற்றின் வழியே நாற்றிசை ஊர்களின் பஸ்வண்டிகளும் பாடசாலை வான்களும் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880 இல் வத்தேகம வழியாகத் திறக்கப்பட்டது. எனினும் காலையிற் கண்டி செல்வோருட் பெரும்பாலார் தெருவையே நம்பியுள்ளனர்.

நெருக்கடிக்கு மருந்து நகரைப் புறத்தே விரிப்பதே எனப் பலர் கருதுவர். கண்டியைப் பொறுத்தமட்டில் இஃது ஆபத்தான மருந்து. விரிவதற்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் மலைச்சரிவே. சரிவை வெட்டி வீடமைக்குமிடத்து, மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. மழைநீர் தன் பழைய வழியை இழந்து மண்ணுள் இறங்கி அதன் பாரத்தை மிகுவிக்கின்றது. கண்டி மாவட்டத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாட்களை இவ்வூரார் நன்கறிவர்.

ஆதலின் நகரமைப்பு அறிஞர் வேறொரு வழியைக் காட்டுவர். நகரின் உள்ளேயே வறிதாய்க் கிடக்கும் நிலத்தையும் பயனொழிந்த கட்டடங்களையும் மீண்டும் பயன்படுத்துவதே அது. இடைநிரப்பல் என்று இதனைக் கூறலாம். அங்கே தெருவும் குழாய்நீரும் வடிகாலும் முன்னரே உள. வீடும் கடையும் பாடசாலையும் அண்மையில் அமையுமாயின், வண்டி ஏறவேண்டிய தேவையே பாதி குறையும். இக்கருத்து நமக்குப் புதிதன்று. பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1915 இல் தஞ்சை, மதுரை முதலிய நகரங்களை ஆராய்ந்து, பழைய தெருக்களை இடித்துத் தள்ளும் திட்டங்களை மறுத்தார். பழுதானவற்றை மட்டும் நீக்கிக் கிடைக்கும் இடைவெளிகளைத் திறந்த முற்றங்களாக்குக என்பது அவர் கொள்கை. 1921 இற் கொழும்பு நகர் பற்றியும் அவர் அறிக்கை எழுதினார்.

கண்டியில் இதற்கு ஓர் உரைகல் உண்டு. 1876 இல் எழுந்த போகம்பறைச் சிறைச்சாலை, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டமையால், 2014 பிறந்தபோது வழமையான சிறையாயிருப்பது ஒழிந்தது. நகரின் நடுவே, வாவிக்கும் புகையிரத நிலையத்துக்கும் அண்மையில் இத்துணைப் பரந்த நிலம் இனி ஒருமுறை கிடைத்தல் அரிது. விடுதியும் வாகனத் தரிப்பிடமும் மட்டுமே அங்கு எழுமாயின், முன்பு கைதிகளைக் காத்த மதில் இப்பொழுது நடப்போரைப் புறத்தே நிறுத்தும், வேறுபாடு அவ்வளவே. மதிலைச் சில இடங்களில் திறந்து, நிலையத்தினின்று வருவோர் நிழலில் நடந்து செல்லும் குறுக்குவழிகள் வகுப்பதே முதற்கண் வேண்டப்படுவது. கட்டடங்கள் பின்னர் எழலாம்.

வண்டியற்ற வீதியின் இனிமையையும் இந்நகர் அறியும், ஆனால் துயரத்தின் வாயிலாக. 1998 ஜனவரி 25 இல் நிகழ்ந்த குண்டுத் தாக்குதலின் பின், மாளிகையின் முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு அடைக்கப்பட்டது. அடியார் அங்கே அச்சமின்றி நடந்தனர். வாகனங்களோ வாவியின் மறுகரையிற் போய் நெருங்கின. மாற்றுவழி வகுக்காது ஒரு வீதியை அடைத்தால் நெருக்கடி இடம் பெயருமேயன்றி ஒழியாது. கொப்பன்ஹேகன் நகரின் ஸ்ட்ரோகெட் வீதி 1962 இல் நடப்போர்க்கென ஒதுக்கப்பட்டது. சென்னைப் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதைகள் 2019 இல் திறக்கப்பட்டன. முன்னதற்கு அறுபது ஆண்டுக்கு மேலான பயிற்சி உண்டு. இத்தகைய பழக்கம் ஒரு நாளில் வருவதன்று.

வத்தேகம போன்ற சிற்றூர்க்கு இதிற் பெரும் பேறு ஒன்று உண்டு. அங்கே புகையிரத நிலையமும் கடைவீதியும் இன்னும் நடை தூரத்திலேயே உள்ளன. மாநகரம் பெரும்பொருள் செலவிட்டு மீட்க வேண்டியதை அவ்வூர் இன்னும் இழக்கவில்லை. வேண்டுவன மிகச் சில: வடிகாலுக்கு மூடி, கடைப்பலகை ஏறாத நடைபாதை, பாடசாலை வாயிலில் வண்டியைத் தாழ்த்தும் ஒரு மேடு. இவை இல்லாதவிடத்து, மழை நாளிற் குடை பிடித்த சிறுபிள்ளை, நீர் நிறைந்த ஓரத்தை விட்டு நடுத்தெருவில் இறங்குகின்றது. பின்னால் வரும் பஸ்வண்டியின் ஓசை குடைமேல் விழும் மழையில் அதற்குக் கேட்பதில்லை.